ஓடாமல் ஜெயிக்கும் குதிரை

நெய்வேலிக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் கிடையாது. 1956-ல் கம்பெனி தொடங்கி, மண்ணை வெட்டிப் பழுப்பு நிலக்கரி எடுத்து, அதை எரித்து மின்சாரம் தயாரித்து, வேலை பார்ப்பவர்களுக்காக வட்டம் வட்டமாகப் பிரித்து வீடு கட்டிய ஊர் அது. சங்கு ஊதினால் ஷிஃப்ட். மறுபடி ஊதினால் வீடு. நடுவில் பள்ளிக்கூடம், கோயில், ஞாயிற்றுக்கிழமை சந்தை. குதிரைக்கு அங்கே வேலையே இல்லை.

ஆனால் எங்கள் வட்டத்தில் ஒருவர் இருந்தார். சுரங்கத்தில் வேலை. பெயர் வேண்டாம். தெருவில் எல்லோருக்கும் அவர் ரேஸ் மாமா. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு, முகத்தில் கரி போகாமலேயே காலை பஸ் பிடிப்பார். பண்ருட்டி, விக்கிரவாண்டி, திண்டிவனம், செங்கல்பட்டு, தாம்பரம். கிண்டியில் இறங்கும்போது பகல் பன்னிரண்டு ஆகியிருக்கும். சாயங்காலம் கடைசிப் பந்தயம் முடிந்ததும் திரும்பவும் பஸ். நடுராத்திரிக்கு மேல் வீடு. அத்தை கதவைத் திறந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விடுவார்.

சின்ன வயதில் ஒருநாள் அவரிடம் கேட்டேன். "மாமா, எந்தக் குதிரை மாமா ஜாஸ்தி ஜெயிக்கும்?"

மாமா சிரித்தார். "ஓடுற குதிரை எதுவும் இல்லடா. ஒரு ஓரமா பலகையைப் போட்டுக்கிட்டு நிக்கிறான் பாரு, புக்கி. அவன்தான். ஓடாமலே ஜெயிக்கிற ஒரே குதிரை."

அப்போது புரியவில்லை. பிற்பாடு பி.காம் படித்தபோது கொஞ்சம் புரிந்தது. மாமா வாழ்க்கையின் கணக்கைக் கூட்டிப் பார்க்கிற ஒரு சந்தர்ப்பம் வந்தபோது முழுசாகப் புரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

யார் இந்த புக்கி?

சினிமாவைப் பார்த்து நாம் ஒரு படம் வைத்திருக்கிறோம். கையில் நாலு போன், கழுத்தில் சங்கிலி, இருட்டு அறை. அது வேறு ஜாதி. நான் சொல்வது ரேஸ் கோர்ஸுக்குள்ளேயே, பட்டப்பகலில், கிளப்பின் லைசென்ஸோடு, தன் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே நிற்கிற புக்மேக்கரை. சட்டப்படி தொழில் செய்கிறவர். வரி கட்டுகிறவர்.

புக்மேக்கர் என்ற பெயரில் இருக்கிற 'புக்', குதிரைகளின் பெயர் போட்ட ரேஸ் புத்தகம் இல்லை. அது பேரேடு. லெட்ஜர். அந்தக் கணக்கை ஒழுங்காக அமைக்கத் தெரிந்தவர் புக்மேக்கர்.

இந்தத் தொழில் பிறந்த இடம் இங்கிலாந்தின் நியூமார்க்கெட். அதற்கு முன்னால் பந்தயம் என்றால் இரண்டு கனவான்கள் சம்பந்தப்பட்ட விவகாரம். என் குதிரையா, உன் குதிரையா? ஆளுக்கு நூறு பவுன். ஜெயித்தவருக்கு எல்லாம். மூன்றாவது மனிதருக்கு அதில் இடமில்லை.

1790-களில் ஹாரி ஆக்டன் என்பவர் அங்கே வந்தார். முதல் புக்மேக்கர் என்று வழக்கமாக இவரைத்தான் சொல்கிறார்கள். அவர் செய்தது ஒரு எளிய காரியம். பந்தயத்தில் ஓடும் ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனியாக ஒரு விலை போட்டார். இந்தக் குதிரை ஜெயித்தால் ஒன்றுக்கு ஒன்று. அந்தக் குதிரை என்றால் ஒன்றுக்கு நாலு. அந்த ஓரத்து நொண்டிக்கு ஒன்றுக்கு இருபது. யார் வேண்டுமானாலும் வரலாம், எதன் மேல் வேண்டுமானாலும் கட்டலாம்.

பார்ப்பதற்குச் சின்ன மாற்றம்தான். ஆனால் அந்த நிமிஷத்தில் சூதாட்டத்துக்குள் ஒரு வியாபாரி நுழைந்துவிட்டார். கனவான்களுக்கு எந்தக் குதிரை ஜெயிக்கும் என்பது கவலை. ஆக்டனுக்கு அந்தக் கவலையே கிடையாது. கணக்கு சரியாக அமைந்தால் எது ஜெயித்தாலும் அவருக்கு லாபம்.

எப்படி? கொஞ்சம் கணக்கு போடலாம். பயப்படாதீர்கள், ஐந்தாம் கிளாஸ் கணக்குதான்.

ஐந்து குதிரைகள் ஓடுகின்றன. முதல் குதிரைக்கு விலை ஒன்றுக்கு ஒன்று. இரண்டாவதற்கு ஒன்றுக்கு மூன்று. மூன்றாவதற்கு ஒன்றுக்கு நாலு. கடைசி இரண்டுக்கும் ஒன்றுக்கு ஒன்பது. ஜனங்கள் பணம் கட்டுகிறார்கள். முதல் குதிரை மேல் 5,000 ரூபாய். இரண்டாவது மேல் 2,500. மூன்றாவது மேல் 2,000. கடைசி இரண்டின் மேலும் ஆளுக்கு 1,000. கூட்டினால் புக்கியின் கையில் 11,500 ரூபாய்.

இப்போது முதல் குதிரை ஜெயித்தால் புக்கி எவ்வளவு தர வேண்டும்? கட்டிய ஐயாயிரம், அதோடு இன்னொரு ஐயாயிரம். பத்தாயிரம். இரண்டாவது ஜெயித்தால்? 2,500-ம் அதன் மூன்று மடங்கும். பத்தாயிரம். மூன்றாவது? அதே பத்தாயிரம். கடைசி இரண்டில் எது வந்தாலும் அதே பத்தாயிரம்தான். போட்டுப் பாருங்கள்.

வந்தது 11,500. போனது 10,000. மிச்சம் 1,500. குதிரைகள் இன்னும் கதவைவிட்டு வெளியே வரவில்லை, புக்கிக்கு லாபம் வந்துவிட்டது.

இதையே பணம் கட்டுகிறவர் பக்கத்திலிருந்து பாருங்கள். எல்லோருமாகச் சேர்ந்து போடுகிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சுமார் பதின்மூன்று ரூபாய் போய்விடுகிறது. பதின்மூன்றுதானே என்று தோன்றும். ஆனால் ரேஸுக்குப் போனவன் ஒரு பந்தயத்தோடு எழுந்து வர மாட்டான். திரும்பி வந்த எண்பத்தேழை அடுத்த பந்தயத்தில் போடுவான். அதிலும் பதின்மூன்று சதவிகிதம். ஏழு பந்தயம் முடியும்போது, சராசரி என்று பார்த்தால், காலையில் கொண்டுபோன நூறு ரூபாயில் சாயங்காலம் மிஞ்சுவது முப்பத்தேழு ரூபாய் சொச்சம். யாரும் திருடவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. கணக்கு தன் வேலையைச் செய்திருக்கிறது.

அப்படியானால் புக்கி வேலை சுகமான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நான் மேலே போட்டது காகிதக் கணக்கு. ஜனங்கள் புக்கியின் சௌகரியத்துக்கு 5,000, 2,500 என்று பிரித்துப் பிரித்துக் கட்ட மாட்டார்கள். எல்லோருமாகச் சேர்ந்து ஒரே குதிரை மேல் விழுவார்கள். மொத்தம் வந்த 12,000-ல் 9,000 ஃபேவரிட் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒன்றுக்கு ஒன்று விலையில் ஜெயித்துத் தொலைத்தால் 18,000 தர வேண்டும். கையை விட்டு ஆறாயிரம். இந்த ஆறாயிரம் தன் தலையில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் புக்கியின் ஒரு நாள் வேலை.

அந்த ஒரு நாள் எப்படி இருக்கும்?

கிண்டியை எடுத்துக்கொள்வோம். 1777 முதல் குதிரை ஓடிய மண் அது. மெட்ராஸ் ரேஸ் கிளப் உருவானது 1896-ல். மழைக்காலம் முடிந்து குளிர்காலத்தில் கிண்டி, வெயில் காலம் வந்தால் அதே கிளப்பின் ஊட்டி மைதானம் என்று பந்தயங்கள் நடந்தன. எம்.ஏ.எம்.ராமசாமி போன்ற பெரிய குதிரை முதலாளிகள் ஒரு பக்கம், பஸ் காசை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு வந்த எங்கள் மாமா மாதிரியானவர்கள் ஒரு பக்கம். இரண்டு பேருக்கும் நடுவே புக்கிகளின் பலகைகள்.

புக்கியின் நாள் விடிகாலையிலேயே தொடங்கிவிடுகிறது. பயிற்சி ஓட்டத்தில் எந்தக் குதிரை நன்றாக ஓடியது, எது மூச்சு வாங்கியது, எந்த ஜாக்கி எதில் ஏறுகிறார், எவ்வளவு எடை, தரை காய்ந்திருக்கிறதா ஈரமா என்று தகவல் சேர்க்க வேண்டும். அதையெல்லாம் வைத்து ஒவ்வொரு குதிரைக்கும் மனசுக்குள் ஒரு விலை. ஆனால் அதைவிட முக்கியம், ஜனங்கள் எந்தக் குதிரையை நம்புகிறார்கள் என்பது. புக்கி குதிரையை எடை போடுவதைவிட மனுஷனை அதிகமாக எடை போடுகிறார்.

மத்தியானம் கடை திறக்கிறது. தனி ஆளாக இந்தத் தொழில் நடக்காது. பணம் வாங்க ஒருவர். பேரேட்டில் எழுத ஒருவர். மற்ற பலகைகளில் என்ன விலை ஓடுகிறது என்று பார்த்துவந்து காதில் சொல்ல ஒருவர். பந்தயத்துக்குச் சற்று முன்னால் பலகையில் விலை ஏறும். கூட்டம் நெருக்கும். பணம் கட்டியவருக்கு ஓர் அட்டை கிடைக்கும். புக்கியின் பெயர், குதிரையின் பெயர், கட்டிய பணம், ஜெயித்தால் வரவேண்டிய பணம் எல்லாம் அதில் இருக்கும். எழுதினது எழுதினதுதான். அடுத்த நிமிஷம் பலகையில் விலை மாறினாலும் அட்டையில் உள்ளதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

திடீரென்று ஒரு குதிரை மேல் பணம் குவிகிறது. லாயத்துக்கு நெருக்கமானவர் என்று நாலு பேருக்குத் தெரிந்த ஆள் ஒருவர் கற்றையாக நீட்டுகிறார். இப்போது என்ன செய்வது? முதல் வேலை, அந்தக் குதிரையின் விலையைக் குறைப்பது. இரண்டாவது, மற்ற குதிரைகளின் விலையை ஏற்றி ஜனங்களை அந்தப் பக்கம் இழுப்பது. அதற்கும் மசியவில்லையென்றால், தாங்க முடியாத பாரத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு புக்கியிடம் அதே குதிரை மேல் தானே கட்டிவிடுவது. இன்ஷூரன்ஸ் கம்பெனி தன் ரிஸ்க்கை இன்னொரு கம்பெனியிடம் தள்ளிவிடுகிறதே, அதே தந்திரம். அங்கே பல நாள் நடப்பது இங்கே பத்து நிமிஷத்தில், கூச்சலுக்கு நடுவில், மனக்கணக்காக நடக்க வேண்டும்.

1,200 மீட்டர் பந்தயம் ஒன்றே கால் நிமிஷம். அத்தனை பேரும் கத்திக்கொண்டு தடத்தைப் பார்க்கிற அந்த நேரத்தில் புக்கி பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். எது வந்தால் எவ்வளவு? முடிவு அறிவித்து, ஜாக்கியின் எடையைச் சரிபார்த்து, ஆட்சேபணை எதுவும் இல்லை என்று ஆன பிறகு, ஜெயித்தவர்கள் அட்டையை நீட்டுவார்கள். எண்ணிக் கொடுக்க வேண்டும். அந்தக் கூட்டம் கலைவதற்குள் அடுத்த பந்தயத்தின் விலை பலகையில் ஏறியாக வேண்டும். நடுநடுவே பெங்களூர், மும்பை பந்தயங்கள் வேறு. திரையில் அங்கே குதிரை ஓடும், இங்கே பணம் ஓடும்.

கொடுக்கும்போது முகம் சுளிக்கக் கூடாது. அது தொழில் தர்மம் மட்டுமில்லை, தொழில் ரகசியமும்கூட. சிரித்துக்கொண்டே கொடுக்கிறவரிடம்தான் ஜெயித்தவன் அடுத்த பந்தயத்துக்கு அந்தப் பணத்தைத் திருப்பிக் கொண்டுவருவான்.

புக்கிக்குப் போட்டியாக ரேஸ் கோர்ஸில் ஒரு மெஷினும் உண்டு. டோட். இதைக் கண்டுபிடித்தவர் ஜோசப் ஒலே என்ற பாரிஸ்காரர், 1867-ல். பிற்காலத்தில் மூலான் ரூஷ் கேளிக்கை விடுதியைத் தொடங்கியவர்களில் ஒருவரும் அவர்தான். எல்லோர் பணத்தையும் ஒரே அண்டாவில் போட்டு, கமிஷனை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவது டோட். நடத்துகிறவருக்கு நஷ்டமே வராது. இந்தக் கூட்டல் வகுத்தலைத் தானாகச் செய்கிற ராட்சச மெஷினை ஜார்ஜ் ஜூலியஸ் என்ற இன்ஜினீயர் வடிவமைத்தார். அது முதலில் ஓடியது 1913-ல், நியூசிலாந்தின் ஆக்லாந்தில். ஓட்டு எண்ணுவதற்காக அவர் யோசித்த மெஷின்தான் கடைசியில் ரேஸ் பணம் எண்ணப் போனது.

காமர்ஸ் பாஷையில் சொன்னால், டோட் ஒரு கமிஷன் ஏஜென்ட். புக்கி, சொந்த முதலைப் போட்டுச் சரக்கு விற்கிற வியாபாரி. சரக்கின் பெயர், விலை. பிரான்ஸ் 1891-லேயே புக்கிகளைத் தடை செய்து டோட்டை மட்டும் வைத்துக்கொண்டது. பிரிட்டன் இரண்டையும் வைத்துக்கொண்டது. பிரிட்டிஷார் நடத்திய ஊர் என்பதால் சென்னையிலும் இரண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை. பி.காம் இரண்டாம் வருஷத்தில் மெர்க்கன்டைல் லா நடத்திக்கொண்டிருந்தார் எங்கள் வாத்தியார். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. முப்பதாவது பிரிவு. பந்தய ஒப்பந்தம் எதுவும் செல்லாது. தோற்றவன் பணம் தராவிட்டால் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது. இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு என்று சொல்லி நிறுத்தினார். குதிரைப் பந்தயம்! வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் விதிவிலக்கு ஜெயிக்கிற குதிரைக்குத் தருகிற 500 ரூபாய்க்குக் குறையாத பரிசுக்குத்தான். அந்தப் பரிசுக்காகச் சந்தா தருவதாக ஒப்புக்கொண்டால் அது செல்லும். புக்கியிடம் கட்டுகிற பணத்துக்கு அது பொருந்தாது.

யோசித்துப் பாருங்கள். புக்கி லைசென்ஸ் வாங்கியவர். அவர் கொடுக்கிற அட்டைக்குச் சட்டம் வரி வசூலிக்கிறது. ஆனால் அதே அட்டையை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால் அது வெறும் காகிதம். இங்கிலாந்திலும் 1845-ல் வந்த சட்டப்படி இதே நிலைமைதான். அங்கே அது மாறியது 2007-ல். ஆக, நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக ஒரு தொழில் முழுக்க முழுக்க நாணயத்தின் மேல் நடந்திருக்கிறது. கொடுக்கத் தவறிய புக்கி மறுநாள் பலகை வைக்க முடியாது. அவ்வளவுதான் சட்டம்.

அரசாங்கத்துக்கு இந்த மனிதரை என்ன செய்வதென்று கடைசிவரை தெரியவில்லை.

மெட்ராஸ் மாகாணத்தில் பந்தய வரிச் சட்டம் வந்தது 1935-ல். அதாவது, பந்தயத்திலிருந்து வரும் காசு கஜானாவுக்கு அப்போதே இனித்திருக்கிறது. ஆனால் சம்பளம் வாங்கியவன் வீட்டுக்கு வராமல் கிண்டியில் தொலைத்துவிட்டு வருகிறான், குடும்பங்கள் தெருவுக்கு வருகின்றன என்ற புகார் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போனது. புகாரில் பொய் இல்லை. 1974-ல் முதல்வர் கருணாநிதியின் அரசு, குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது.

எங்கள் அத்தைக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. நெய்வேலிக்கு வந்த புதிது. சட்டம் வந்த செய்தியைக் கேட்டு, வட்டத்துப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் வேண்டிக்கொண்டாராம். பின்னாளில் எங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

தேங்காய் உடைக்கிற வேளை வரவில்லை. கிளப் கோர்ட்டுக்குப் போனது. சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. கிளப் விடாமல் உச்ச நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கியது. வழக்கு அங்கேயே கிடந்தது. 1986-ல் எம்.ஜி.ஆர். அரசு இன்னொரு சட்டம் போட்டது. இந்த முறை ஒழிப்பதற்கு இல்லை. ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்வதற்கு! பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பாவம் என்று சொன்ன கடையை, இப்போது நாமே நடத்தலாம் என்றால் என்ன அர்த்தம்? இதற்கும் கோர்ட்டில் வழக்கு வந்தது.

தீர்ப்பு வந்தது 1996 ஜனவரி 12. டாக்டர் கே.ஆர்.லட்சுமணன் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். விசாரித்தது குல்தீப் சிங் உள்ளிட்ட நீதிபதிகள். அவர்கள் சொன்னதன் சாரம் இது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் சாமர்த்தியம் எல்லாம் சேர்ந்து முடிவைத் தீர்மானிக்கின்றன. எனவே குதிரைப் பந்தயம் அதிர்ஷ்ட விளையாட்டு இல்லை, திறமை விளையாட்டு. திறமை விளையாட்டின் மேல் பணம் கட்டுவது சூதாட்டச் சட்டங்களுக்குள் வராது. 1986-ம் வருஷத்துச் சட்டம் தன்னிச்சையானது, அரசியல் சாசனத்தின் 14-வது பிரிவுக்கு விரோதமானது, செல்லாது.

அன்றைக்கு மாமா ஜாங்கிரி வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்தார். "சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டான்டா, இது மூளையை வெச்சு ஆடுற ஆட்டம்!" அத்தை அந்தப் பொட்டலத்தைத் தொடவில்லை. அதை நான் பார்த்தேன்.

தீர்ப்பை நான் குறை சொல்லவில்லை. குதிரை ஜெயிப்பதில் திறமை இருக்கிறது, சந்தேகமே இல்லை. எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று கணிப்பதிலும் திறமை இருக்கிறது. மாமாவின் கணிப்பு நிறைய நாள் பலித்திருக்கிறது. ஆனால் அந்தத் திறமைக்கு என்ன விலை என்று தீர்மானிப்பவர் பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறாரே, அவருக்கும் அதே திறமை உண்டு. அதற்கு மேல் நூற்றுக்குப் பதின்மூன்று வேறு எடுத்துக்கொள்கிறார். வழக்கு 'திறமையா, அதிர்ஷ்டமா' என்ற கேள்வியோடு நின்றுவிட்டது. அத்தையின் கேள்வி அதுவே இல்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சமீபத்திய கதை. 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு மொத்தமாகத் தடை செய்யப்பட்டது. குதிரை மட்டும் தப்பித்தது. ஆன்லைன் ரம்மி கம்பெனிகள் வந்தபோது, இதே 1996 தீர்ப்பைக் கேடயமாகத் தூக்கிப் பிடித்தன. ரம்மியும் திறமை விளையாட்டுத்தான் என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது வேறு வசதியாகப் போயிற்று. கடைசியில் 2025 ஆகஸ்ட்டில் பாராளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டம் போட்டது.

புக்கியின் கழுத்தை நெரித்தது போலீஸ் இல்லை, வரி. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது பந்தயத்துக்கு 28 சதவிகிதம். லாபத்தின் மேல் இல்லை, கட்டுகிற முழுப் பணத்தின் மேல். கமிஷன் மேல் மட்டும்தான் வரி போடலாம் என்று கோர்ட்டில் சண்டை நடந்தது. 2023 அக்டோபர் முதல், முழுப் பணத்துக்கும்தான் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவிகிதம். நூறு ரூபாய் கட்ட நூற்று நாற்பது வேண்டும். ஒன்றுக்கு ஒன்று விலையில் ஜெயித்தால் கைக்கு வருவது இருநூறு, லாபம் அறுபது. தோற்றால் போவது நூற்று நாற்பது. இதில் ஜெயித்த பணத்துக்கு வருமான வரி முப்பது சதவிகிதம் தனி. எந்தப் பைத்தியக்காரன் பலகைக்கு வருவான்? வரி இல்லாமல் எழுதிக்கொள்கிற ஆள் வெளியே காத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு பலகை இல்லை, பேரேடு இல்லை, பெயரும் இல்லை. 2000-ம் வருஷம் ஹன்சி குரோனியே விவகாரத்தில் நாம் கேள்விப்பட்ட புக்கி அந்த ரகம்.

நிலமும் கையைவிட்டுப் போக ஆரம்பித்தது. கிண்டியின் 160 ஏக்கர் சொச்சத்துக்குக் கிளப் கொடுத்துவந்த வருஷக் குத்தகை 614 ரூபாய் 13 அணா. குத்தகை 1946-ல், தொண்ணூற்றொன்பது வருஷத்துக்குப் போட்டது. 730 கோடி ரூபாய்க்கு மேல் வாடகை பாக்கி என்றது அரசு. 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து, மைதானத்துக்கு சீல் வைத்தது. கிளப் மறுபடி கோர்ட்டுக்குப் போனது. அதற்கடுத்த மாதம், அக்டோபர் 5-ம் தேதி, சிங்கப்பூர் டர்ஃப் கிளப் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. அது 1842-ல் தொடங்கியது. அங்கேயும் காரணம் நிலம். வீடு கட்ட வேண்டுமாம்.

இதற்கெல்லாம் நான் கண்ணீர் விடவில்லை. ஆனால் ஒன்று மட்டும் உறுத்துகிறது. பலகைக்காரர் தன் கணக்கை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதித்தான் வைத்திருந்தார். ஐந்து குதிரையின் விலையையும் எடுத்து, கூட்டிப் பார்க்கத் தெரிந்த எவனுக்கும் நூற்றுக்கு எவ்வளவு போகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். செல்போனில் வருகிற கள்ளப் பந்தய ஆப்பில் எதைக் கூட்டுவீர்கள்? கணக்கு அதே கணக்குதான். பலகைதான் காணோம்.

மாமா விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பி.காம் கடைசி வருஷம். மாமா ரிடையர் ஆகியிருந்தார். ஒருநாள் கூப்பிட்டனுப்பி, அட்டை கிழிந்த நாலு நோட்டுகளைக் கையில் கொடுத்தார். முதல் நாளிலிருந்து கட்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, எல்லாம் தேதி வாரியாக. பஸ் காசு, டீக் காசுகூட விடவில்லை. மனிதர் தனக்கென்று ஒரு பேரேடு வைத்திருந்திருக்கிறார். ஆனால் ஒரு பக்கத்தைக்கூடக் கூட்டவில்லை.

"பி.காம் படிக்கிறேல்ல? இதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுடா."

இரண்டு ராத்திரி உட்கார்ந்து கூட்டினேன். ஜெயித்த நாட்கள் நிறையத்தான் இருந்தன. கடைசி வரியில் வந்த தொகைக்கு, பி.எஃப். லோன் போட்ட அந்தக் காலத்தில், ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கி வீடும் எழுப்பியிருக்கலாம். ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, அவர்கள் அப்போது வாடகை வீட்டில் இருந்தார்கள்.

சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"யாராச்சும் உங்களை ஏமாத்தினாங்களா மாமா?" என்று கேட்டேன். ஏதாவது ஆறுதலாகக் கேட்க வேண்டுமே என்று கேட்டதுதான்.

"சேச்சே. ஒருத்தன்கூட ஏமாத்தலைடா. ஜெயிச்சப்பல்லாம் கரெக்டா எண்ணிக் குடுத்தான். சிரிச்ச முகமா குடுத்தான்."

உள்ளே சமையல்கட்டிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஏமாத்தியிருந்தா அன்னிக்கே விட்டிருப்பீங்க."